ஓடித் தேய்வதற்கு ஒரு கார்

மாம்புரியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மேற்கே கடல். கிழக்கே வெங்காயத் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டினால் புத்தளம் களப்பு. இரண்டு உப்புத் தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மணல்தான் கற்பிட்டிக் குடாநாடு. மே மாதம் எழும் தென்மேற்குக் காற்று செப்டெம்பர் வரை ஓய்வதில்லை. 2010இல் இந்தக் கரையில் காற்றாலைகளை நட்டது அந்தக் காற்றை நம்பித்தான். மின்சாரம் தருகிற அதே காற்று, அலை உடைகிற இடத்திலிருந்து உப்பையும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஜன்னல் கம்பி, கூரைத் தகடு, சைக்கிள் சங்கிலி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாவற்றிலும் அது படிகிறது. உப்புப் படிந்த இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் இரும்பு கரையும்.

காரில் இது வெளியே தெரியும் முன்பே உள்ளே முடிந்துவிடுகிறது. கதவின் அடிமடிப்பு, சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடு, ஏறும் படிக்குள் இருக்கும் பொள்ளல், கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள தளம் ஆகிய இடங்களில் பெயின்ட் குமிழ் விடும்போது அதற்குப் பின்னால் தகடு இல்லை. கொழும்பில் இருப்பவர்கள் அடிக்கடி கழுவச் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுவது? குடாநாட்டின் நிலத்தடி நீர், கடல்நீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை. மழை அதை நிரப்புகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிற மோட்டார்கள் அதைக் குறைக்கின்றன. குறையக் குறையக் கீழிருந்து உவர் ஏறுகிறது. மழை பிந்தும் காலத்தில் கரையோரக் கிணற்று நீரில் காரைக் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் எழும். உப்பைக் கழுவ உப்பைத்தான் ஊற்றியிருக்கிறோம் என்பது அப்போது தெரியும்.

எங்கள் டீ.எக்ஸ். வெகனை வாப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கினார். எண்பதுகளில் ஜப்பானில் செய்த கொரோல்லா அது. ஏற்கெனவே இருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. நீண்ட முதுகும் மடித்துப் போடக்கூடிய பின் இருக்கையும் இருந்ததால் இலங்கையின் சிறு வியாபாரிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் அந்த மொடல் மிகவும் பிடித்தமானது. வாரநாட்களில் வெங்காய மூட்டை, பெருநாளைக்குச் சொந்தபந்தம். அந்தக் காலத்தில் ஊரில் வாகனம் இருந்த வீடுகள் குறைவு. அதனால் அது எங்களுடைய கார் என்று நாங்கள் மட்டும் சொல்லவில்லை. பிரசவ வலி எடுத்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள் எல்லாரும் அந்தப் பின் இருக்கையில் படுத்திருக்கிறார்கள். நடுநிசியில் யாராவது வேலிக்கு வெளியே நின்று வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், உம்மா முதலில் எழுந்து சாவியைத் தேடுவார். நுரைச்சோலை, பாலாவிச் சந்தி, அங்கிருந்து கொழும்பு வீதியில் ஏறிப் புத்தளம் ஆஸ்பத்திரி. இடையில் கார் நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் இருட்டுத்தான். ஆஸ்பத்திரியில் மவுத்தானவர்களின் ஜனாஸாவும் அதே காரில் அதே வழியால் ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

‘சுவசெரிய’ என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் பரவியது. அது வந்த பின்னர் நள்ளிரவு அழைப்புகள் குறைந்தன. அதற்கு நன்றியோடு இருக்கிறேன். அதைக் கூப்பிடுகிற இலக்கம் 1990. எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்த எண்ணைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அம்புலன்ஸ் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெகன் கடைசி ஆண்டுகளில் டிங்கரின் கையால்தான் உயிர் வாழ்ந்தது. துருவை வெட்டி எடுப்பது, புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடிப்பது, மேலே பட்டி போட்டுத் தேய்ப்பது, அடியில் தார் போன்ற அண்டர்கோட் அடிப்பது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் இது நடந்தது. ஒரு நாள் டிங்கர் சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போய் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். “ஹாஜியார், தகடு வெக்க ஏலும். ஆனா வெல்டிங் பிடிக்கிறதுக்கு நல்ல இரும்பு வேணுமே. அது எங்க இருக்கு?” என்ஜின் அப்போதும் ஒரே ஸ்டார்ட்டில் பிடித்தது. எங்கள் கடற்கரையில் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் முடிகின்றன. நெஞ்சு நன்றாக இருக்கும்போதே எலும்பு போய்விடும்.

அதற்குப் பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை. மாற்ற முடியாதபடி நாடே நின்றது.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. கொஞ்சக் காலத்துக்கு என்று எல்லாரும் நினைத்தோம். கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. அந்த இடைவெளியில் நடந்தவை எல்லாருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் முடிவில் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் ஆட்கள் இரவெல்லாம் வரிசையில் காருக்குள் படுத்தார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கணக்கு வைத்தது. ஓட்ட முடியாத அந்த மாதங்களில்தான் கார்களின் விலை எகிறியது. புதிது வராது, ஆகவே இருப்பது பொன் என்றாகிவிட்டது. ஏழெட்டு வருடம் ஓடிய சின்னக் கார்களைப் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றார்கள்.

எனக்கு இதில் உறுத்தல் உண்டு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேய்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் விலை ஏறிக்கொண்டே போனால், அதை வைத்திருக்கிற வீட்டின் குணம் மாறிவிடுகிறது. கார் நகையாகிவிடுகிறது. மழைக்கு எடுக்காதே, மணல் பாதையில் விடாதே, அயலவனுக்குக் கொடுக்காதே, மூட்டை ஏற்றாதே. இருக்கையிலிருந்த பொலித்தீன் உறையைக் கழற்றாமல் வருடக்கணக்கில் ஓடும் கார்களைப் பார்த்திருக்கிறேன். சரசரவென்று வியர்வையில் ஒட்டுகிற அந்த உறையின் மேல் முழுக் குடும்பமும் உட்கார்ந்து போகிறது. யாருக்காக அந்த இருக்கையைக் காப்பாற்றுகிறார்கள்? அடுத்ததாக வாங்கப் போகிறவருக்காக. அவரும் உறையைக் கழற்றமாட்டார்.

இந்த விலையேற்றத்தின் கணக்கும் பொய்க் கணக்குத்தான். 1990இல் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 40 ரூபா. 2025இல் ஏறக்குறைய 300. வாப்பா அன்றைக்கு வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்கு இந்தத் துருப்பிடித்த வெகனைக் கேட்கிறார்கள் என்றால், வெகன் உயரவில்லை, ரூபா தாழ்ந்திருக்கிறது. ஆனால் மக்கள் பார்ப்பது வங்கிப் புத்தகத்தில் கரைந்த காசையும் முற்றத்தில் கரையாமல் நின்ற காரையும். இரும்பு நோட்டைவிட நல்லது என்று அவர்கள் முடிவு செய்ததைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. உழைத்த காசைப் பாதுகாக்க வேறு இடம் காட்டாத நாட்டில் ஒரு வெங்காயத் தோட்டக்காரன் என்ன செய்வான்? என் கோபம் அவன்மேல் அல்ல. ஒரு காரை நிம்மதியாக ஓட்டித் தேய்க்கும் உரிமையைக்கூட அவனிடமிருந்து பறித்த ஆட்சிமேல்.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மன்னார் தீவில் பிறந்தவர். அம்புலன்ஸ் எண்ணைக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் நினைவுக்கு வரும் ஆண்டு அதுதான்: 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, வாகனம், நகை எல்லாம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மன்னார் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். அவரும் அப்படி வந்தவர். அவருக்கு ஒரு லொறி இருந்தது. அதைப் பற்றி அவர் நிறையப் பேசுவார். அநுராதபுரத்துக்குக் கருவாடு ஏற்றிப் போன இரவுகள், மடு மாதா திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றி இறக்கியது, ஒரு கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டி ஓட்டியது. லொறியின் விலை என்ன, இன்றைக்கு நின்றிருந்தால் எவ்வளவு போகும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஒருமுறை கேட்டபோது, கேள்வியே விளங்காதவர் போலப் பார்த்துவிட்டு, “அது நல்லா இழுக்கும் மகன்” என்றார்.

கார் வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அவருடைய லொறி நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்களும் வரும். தொண்ணூறுகளின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் போகாதபோது, ஐம்பதுகளில் வந்த அந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாகாது. அதனால் சின்ன பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணுவார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்த அந்தக் காலத்து என்ஜின்கள் என்பதால் அது முடிந்தது. இன்றைய கார் ஒன்றில் செய்தால் கொஞ்சத் தூரமும் போகாது. தெரு முழுக்க வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் மணம். அந்தக் கார்களில்தான் காயப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மணமக்கள் கோயிலுக்குப் போனார்கள். வெளியே இருந்து ஒன்றும் வராத நிலை அங்கேயும் இருந்தது. ஆனால் அங்கே பூட்டி வைத்துப் பார்த்திருக்க யாருக்கும் வழி இருக்கவில்லை, கடைசிச் சொட்டு வரை ஓட்டினார்கள். பூட்டி வைக்கிற புத்தி தட்டுப்பாட்டோடு கூடவே பிறப்பது என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஏ-40களைப் பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரிகிறது.

இறக்குமதி திறந்த பிறகும் புதிய கார் எங்களுக்கு எட்டாது. சுங்கம், உற்பத்தி வரி, வற் எல்லாம் சேர்ந்து பல மொடல்களில் வரியே காரின் விலையை விஞ்சுகிறது. ஆகவே இன்னொருவர் ஓட்டிய கார்தான். இலங்கையில் பெரும்பாலான குடும்பங்களின் முதல் கார் எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஜப்பானில் புதிய கார் வாங்கி மூன்று வருடத்தில் அரசாங்கப் பரிசோதனை, அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் செலவு. அந்தச் செலவுக்கு முன்னால் அங்கே கைவிடுகிற கார்களைத்தான் நாங்கள் ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி இங்கே புத்தம்புதிதாக வரவேற்றோம். அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் ஸ்டியரிங் மாற்ற வேண்டியதில்லை. எங்கள் வரி சிசி கணக்கில் ஏறியதால் அவர்களுடைய 660 சிசி பெட்டிக் கார்கள் இங்கே வீதியை நிறைத்தன. வாப்பாவுக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஹைபிரிட் பற்றரி போனால் மாம்புரியில் யார் பார்ப்பது என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் தேடியது இந்தியாவில் செய்த ஓல்ட்டோ. மாருதியின் 796 சிசி, மூன்று சிலிண்டர். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1000 சிசிக்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தபோது இவை ஏராளமாக வந்து இறங்கின. ஆசிரியர்கள், தாதிமார், கிராம சேவகர்கள் லீசிங்கில் எடுத்து ஓட்டிய கார். பாகம் புத்தளத்திலேயே கிடைக்கும், எந்த கராஜிலும் கழற்றிப் பூட்டுவார்கள். பளபளப்பு எதுவும் இல்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

குருநாகல், நீர்கொழும்பு, கொழும்பு என்று கார் சேல்களிலும் வீடுகளிலும் பார்த்தோம். டிங்கரைக் கூட்டிக்கொண்டு போனது நல்ல காரியம். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள். அவர் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. அதை யாரும் பின்னால் திருப்பலாம் என்றார். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் மூன்றையும் பார்த்தால் கார் எவ்வளவு ஓடியது என்று தெரியும். பட்டி வைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் விரலால் தடவினார். ஒரு காரில் சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றின் கோடு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது அந்தக் காரும் தண்ணீரில் நின்றிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். விற்க வந்தவர் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவரும் யாரிடமோ அறியாமல் வாங்கியவர்தான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

நாங்கள் எடுத்தது மலையகத்தில் ஓடிய கார். கடல் உப்புப் படாமல் நின்றதால் தளத்தில் துரு இல்லை; ஏற்றத்தில் ஓடியதால் கிளச் தேய்ந்திருந்தது. கிளச்சை மாற்றலாம், தளத்தை மாற்ற முடியாது என்று டிங்கர் சொன்னதோடு முடிவாயிற்று. அந்தக் காரை ஓட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சாவியைக் கொடுக்கும்போது கதவைத் தொட்டு ஒருதரம் தடவினார். இருக்கையில் உறை இல்லை, துணி நிறம் மங்கி மென்மையாக இருந்தது. ஒருவர் உட்கார்ந்து வாழ்ந்த இருக்கை.

இடையில் ஒரு காரியத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். நம் நாட்டில் ‘ஓப்பன் பேப்பர்’ என்று ஒரு பழக்கம் உண்டு. விற்பவர் கையெழுத்து வைத்த படிவங்களை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டுவது. பிறகு அதே படிவங்களோடு அடுத்தவருக்கு விற்பது. கார் நாலு கை மாறியிருக்கும், புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவது எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன ஒரு மனிதரை. செலவு மிச்சம், விற்கும்போது ‘ஓனர் எண்ணிக்கை’யும் கூடாது என்று புரோக்கர் விளக்கினார். விலைக்காக ஒரு மனிதர் தன் காரில் தன் பெயரையே வைக்காமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆசிரியையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக் கடிதங்களுக்குப் பயந்து வாழவிடவும் மனமில்லை. உடனேயே பெயரை மாற்றினோம். வெகனை வாங்க வந்தவரிடமும் அதையே நிபந்தனையாகச் சொன்னோம்.

அவர் சிலாபம் பக்கத்து இளைஞர். வெகனின் உடம்பு அவருக்கு வேண்டியதில்லை, என்ஜின்தான் வேண்டும். அவரிடம் இன்னொரு டீ.எக்ஸ். வெகன் இருந்தது, நல்ல தகடும் செத்த என்ஜினுமாக. வாப்பா பேரம் பேசவில்லை. கேட்டதில் கொஞ்சம் குறைத்தே கொடுத்தார். “இன்னும் கூடக் கேட்டிருக்கலாமே” என்று ராத்தா சொன்னார். “அவன் ஓட்டப் போறான்” என்றார் வாப்பா. அதற்குமேல் அவர் பேசவில்லை. லொறியில் ஏற்றிக் கொண்டு போகும்போது பக்கத்து வளவுப் பெரியவரும் வந்து கயிறு கட்டுவதைப் பார்த்து, பின் பக்கம் இன்னும் ஒரு கட்டுப் போடச் சொன்னார்.

ஓல்ட்டோ வந்து சில நாட்களில் வெங்காயம் பிடுங்கும் காலம். சின்ன வெங்காயத்தின் விலை அந்த வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. லொறிக்காரர் வரத் தாமதமாகும் என்று தகவல். நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடியும் முன்னே போனால்தான் ஏதாவது கிடைக்கும். நான் பின் இருக்கையை மடித்தேன். “இதுலயா ஏத்தப் போற? மணம் போகாது. நாளைக்கி விக்கிறண்டா விலை இறங்கிரும்” என்று ராத்தா கத்தினார். முன் இருக்கையிலும் ஒரு மூட்டையை வைத்துப் பெல்ட் போட்டேன். கிளச் புதிது, மணலில் கொஞ்சம் திணறியது, பிறகு ஏறியது. அன்றைக்கு வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. ஆனாலும் அழுகாமல் விற்று முடித்தோம். வரும் வழியில் டிங்கரின் கராஜில் இறங்கி, காற்றுக் காலம் தொடங்கும் முன் அடியில் அண்டர்கோட் அடிக்க நாள் கேட்டேன். மூட்டைச் சருகுகளைத் தட்டிவிட்டு வந்தால் போதும் என்றார்.